அறிவிக்கை வந்தது, குழாய் வரவில்லை

பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு அடிப்படை. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், கடிபட்டு வந்தவரையும் கடியால் இறந்தவரையும் தெரிவித்தாக வேண்டும். புரட்டாசிப் பட்டத்துக்கு உளுந்தும் மக்காச்சோளமும் ஊன்றத் தொடங்கிவிட்டார்கள். கரிசல் காட்டுக்கு மழைப்பருவம் வருகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று இந்தப் பக்கமும், சாத்தூர், திருவேங்கடம், சங்கரன்கோவில் என்று அந்தப் பக்கமும் சிறு மருத்துவமனை நடத்தும் வாசகர்கள் கேட்பது ஒன்றைத்தான்: அனுப்பத்தான் வேண்டுமா, அனுப்பினால் வம்பு வருமா?

அனுப்புங்கள். இதில் இந்த இதழுக்கு இரண்டு கருத்து இல்லை. போலீஸ் இன்டிமேஷன் வேறு, நோய் அறிவிப்பு வேறு. முன்னது நமக்குப் பழகிய தொல்லை. பின்னது காசநோய்க்கும் டெங்குவுக்கும் செய்துவருகிற அதே வேலை. "நம்ம இடத்துல செத்தா நம்ம பேருல்ல கெடும்" என்று தயங்குவோர் உண்டு. மூச்சு திணறும்போது 108இல் ஏற்றிவிட்டு, சாவை அடுத்த ஊர்க் கணக்கில் தள்ளும் பழக்கம் நம் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாததல்ல. இந்த ஆணை அதைக் கொஞ்சம் வெட்கப்படுத்துமானால் அதுவே லாபம். கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே இதைச் செய்துவிட்டது. 2030க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பது என்ற தேசியச் செயல்திட்டத்தை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. எண்ணாத சாவை எப்படிப் பாதியாக்குவது? ஆகவே வரவேற்கிறோம்.

வரவேற்றாகிவிட்டது. இனி, எண்ணிக்கையைப் பார்ப்போம்.

ஆணையை ஒட்டி வெளியான அரசுக் கணக்கின்படி 2022இல் 15,120 கடி, 17 சாவு. 2023இல் 19,795 கடி, 43 சாவு. 2024இல் ஜூன் வரை 7,300 கடி, 13 சாவு. ஆயிரம் கடிக்கு ஒன்று அல்லது இரண்டு சாவு என்று வருகிறது. கண்ணாடி விரியன் கடித்து, ஈறில் ரத்தம் கசிந்து, இரண்டாம் நாள் சிறுநீர் நின்று, டயாலிசிஸுக்கு அலைந்த நோயாளிகளை வார்டில் பார்த்த எவரும் இந்த விகிதத்தைப் பார்த்தால் புருவத்தை உயர்த்துவார். சிகிச்சை அவ்வளவு சிறந்துவிட்டது என்று மார்தட்டவும் மனம் வரவில்லை. அந்த விகிதத்தில் மேலே இருக்கும் சாவு எண் சிறுத்திருக்கிறது: வீட்டிலும் வழியிலும் போனவர்கள் அதில் முழுதாக வந்திருக்க வாய்ப்பில்லை. கீழே இருக்கும் கடி எண் ஊதியிருக்கிறது: சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளி, விஷம் இறங்காத கடி, பூரான், தேள், இருட்டில் குத்திய உடைமுள், "என்னமோ பூச்சி" எல்லாம் அந்தப் பத்தொன்பதாயிரத்துக்குள் கலந்திருக்க வேண்டும். ஓராண்டில் சாவு 17இலிருந்து 43 ஆனது பாம்பு பெருகியதாலா, பதிவு கூடியதாலா, சிகிச்சை சரிந்ததாலா? இந்த எண்களை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

நாடு முழுவதற்குமான கணக்கு வேறு கதை சொல்கிறது. பத்து லட்சம் சாவு ஆய்வின் தரவுகளைக் கொண்டு சுரவீரா குழுவினர் 2020இல் ‘ஈலைஃப்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அந்தச் சுமையில் பெரும்பங்கு பீகார், ஜார்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் தலையில். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் முன்னால் இல்லை. அதை அப்படியே இங்கே பெருக்கிப் பார்ப்பது நேர்மையல்ல. பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பருக்குள் நிகழ்கிறது என்ற அதன் முடிவும் நமக்குப் பொருந்தாது. ஆனி, ஆடியில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எலியும் பாம்பும் வெடிப்புக்குள் இருக்கும். காட்டில் வேலையும் இருக்காது. நம் பருவம் ஐப்பசியில் தொடங்குகிறது. மழை விழுந்து மண் உப்பி வெடிப்பு மூடிக்கொண்டால் உள்ளே இருந்தவை பொழிக்கும் படப்புக்கும் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் ஏறும். காட்டுப்பன்றிக்குப் பயந்து மக்காச்சோளத்துக்கு ராக்காவல் போகிறவர்களுக்குக் கணுக்காலில் கடி. தை மாதம் விடியற்காலையில் குனிந்து உளுந்துச் செடி பிடுங்கும் பெண்களுக்குக் கைவிரலில் கடி. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குச் சுருட்டை விரியன். மருந்து இருப்பை ஜூனுக்குக் கூட்டி நவம்பரில் குறைப்பவர்களுக்கு இந்தக் காலக்கணக்கை யாராவது சொன்னால் நல்லது.

ஆக, அறிவிப்பு பயன்பட வேண்டுமானால் "பாம்புக்கடி" என்ற ஒற்றைச் சொல் போதாது. விஷம் ஏறியதா, ஏறியிருந்தால் ரத்தத்தையா நரம்பையா என்பது பதிவாக வேண்டும். நரம்புக்குக் கண் இமை இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். ரத்தத்துக்கு? ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்கும் வசதி ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது என்று நாமே அறிவோம். மிஞ்சுவது இருபது நிமிடச் சோதனை. அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாய்.

இந்தப் பக்கத்தில் நான் இதை எழுதுவது முதல்முறையல்ல. சலித்துக்கொள்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஆனால் அறிவிக்கை வந்தபின் இது வார்டு விவகாரமாக மட்டும் இல்லை. மாநிலத்தின் புள்ளிவிவர விவகாரம்.

வாரெல் குழுவினர் 1970களில் நைஜீரியாவில் சுருட்டை விரியன் இனக் கடிகளைப் பார்த்தபோது படுக்கையருகில் செய்யக்கூடியதாகக் கையாண்ட சோதனை இது. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஓரிரு மில்லி சிரை ரத்தம்; அசைக்காமல் இருபது நிமிடம்; ஒரே ஒரு முறை சாய்த்துப் பார். கண்ணாடி ஏன் என்பதை மாணவப் பருவத்திலேயே படித்தோம்: 12ஆம் காரணியைத் தூண்டிவிடுவது கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் இல்லை. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக்கும் அது போய்விடும். ஊதா மூடிக் குழாயில் எந்த ரத்தமும் உறையாது. சிவப்பு மூடி பிளாஸ்டிக்கில் உறைதலைத் தூண்டும் பூச்சு இருக்கிறது. அங்கே உறைந்தால் அது நோயாளியின் ரத்தம் உறைந்ததா, பூச்சு உறைய வைத்ததா என்று பிரிக்க வழியில்லை.

இது வெறும் நுணுக்கம் பார்ப்பதா? இலங்கையிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். இஸ்பிஸ்டர், மதுவாகே ஆகியோர் இரண்டிலும் இருக்கிறார்கள். பாம்பும் அதே கண்ணாடி விரியன். 2013இல் வெளியான முதல் ஆய்வில், வழக்கமான மருத்துவமனைச் சூழலில் செய்த இருபது நிமிடச் சோதனையின் சென்சிட்டிவிட்டி வெறும் 40 விழுக்காடு. உறைதல் கெட்ட நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களைச் சோதனை தவறவிட்டது, அவர்களுக்கு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. தாமதமானது. சோதனையையே கைவிடலாம் என்று அப்போது பலர் பேசினார்கள். 2017இல் வெளியான இரண்டாவது ஆய்வில் குழாயை வரையறுத்தார்கள்: 10 மி.மீ. உள்விட்டமுள்ள போரோசிலிகேட் கண்ணாடி, 1 மில்லி ரத்தம். சென்சிட்டிவிட்டி 82 விழுக்காடாக உயர்ந்தது, ஸ்பெசிஃபிசிட்டி 98. வேறு எந்தப் புது மருந்தும் புது இயந்திரமும் இல்லை. செய்முறையை ஒழுங்குபடுத்தினார்கள், சரியான குழாயைக் கொடுத்தார்கள். கண்டுபிடிக்கும் திறன் இரண்டு மடங்கானது. பாம்புக்கடி ஆய்வில் இவ்வளவு மலிவான முன்னேற்றம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் வார்டுக்கு வருவோம். குழாய் நிற்க ஸ்டாண்டு இல்லாததால், பெயரும் நேரமும் எழுதிய பிளாஸ்டரால் டிரிப் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும். அது கண்ணாடிக் குழாயாக இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலும் காலி ஆன்டிபயாட்டிக் வயல். மருந்துத் தூள் ஓரத்தில் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் ரத்தம் எடுத்த பிளாஸ்டிக் சிரிஞ்சையே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பதினைந்தாவது நிமிடம் டியூட்டி டாக்டர் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். "என்ன சிஸ்டர், ஒறஞ்சுட்டா?" என்று நோயாளியின் மச்சான் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். கேஸ் ஷீட்டில் "உறையவில்லை" என்று ஏறும். அந்த ஒரு சொல்லின் பேரில் ஏ.எஸ்.வி. பத்து வயல் போகும்.

வாசகர் ஒருவர் அனுப்பிய கேஸ் ஷீட் என் மேசையில் இருக்கிறது. ஊரும் மருத்துவமனையும் வேண்டாம். ராக்காவலுக்குப் போன நடுவயதுக்காரர், வலது கணுக்காலில் கடித்த தடம், வீக்கம் இல்லை, ரத்தக்கசிவு இல்லை, இமை சரிவு இல்லை, பாம்பைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிடத்தில் உறையவில்லை. பத்து வயல் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, பிரஷர் கிடைக்கவில்லை. தொடை தசையில் அட்ரினலின் போட்டு மீட்டது அந்த இரவின் நர்ஸ். அவருடைய கையெழுத்தில்தான் நேரம் எல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறது. 108இல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே ஐ.என்.ஆர். நார்மல். ஏ.எஸ்.வி. தொடங்கிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. விரியன் விஷத்தில் கெட்ட உறைதல் அதற்குள் அப்படித் திரும்புவதில்லை. கல்லீரல் காரணிகளை மறுபடி செய்ய ஆறு மணி நேரமாவது வேண்டும் என்பதால்தானே நாம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம். அவருக்கு விஷமே ஏறியிருக்கவில்லை என்பதே நியாயமான முடிவு. இந்த ஆணையின்படி அவர் எப்படி எண்ணப்படுவார்? ரத்தநச்சுக் கடி, பிழைத்தவர். அரசின் வெற்றிக் கணக்கில் ஒன்று கூடும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பூச்சு தடவிய குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்று காத்திருக்க வைத்து, மறுநாள் சிறுநீரகம் போனபின் ரெஃபர் செய்யப்படும் நோயாளி, சேரும் இடத்தில் "தாமதமாக வந்தவர்" என்று எழுதப்படுவார். தாமதித்தது யார் என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது. படி ஓட்டையாக இருக்கும்போது எத்தனை மூட்டை அளந்தோம் என்று கணக்கு எழுதி என்ன பயன்?

ஏன் குழாய் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி உடையும், கையைக் கிழிக்கும், கழிவு விதிக்குப் பொருந்தாது, எல்லாம் வாக்குவம் குழாய்க்கு மாறியாகிவிட்டது, இன்டென்ட் பட்டியலில் அந்த ஐட்டமே கிடையாது. ஒவ்வொரு பதிலும் தனித்தனியே நியாயமாகவே இருக்கும். ஒரு கண்ணாடிக் குழாயின் விலை ஏறக்குறைய ஒரு டீயின் விலை. ஒரு வயல் ஏ.எஸ்.வி. பல நூறு ரூபாய். பத்து வயலை வீணாக ஏற்றுவதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்துக் குழாய் வாங்க மூன்று மேசை ஏற வேண்டும். பாம்புக்கடி விழிப்புணர்வுக்கு போஸ்டர் வருகிறது, பயிற்சிக்கு அழைப்பு வருகிறது, பயிற்சியில் "சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய்" என்று ஸ்லைடில் பெரிதாகப் போட்டுக் காட்டுகிறார்கள். கையை உயர்த்தி "அந்தக் குழாய் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் அரங்கம் சிரிக்கிறது, அடுத்த ஸ்லைடு வருகிறது. தேசியத் திட்டத்தோடு தொடங்கிய 15400 உதவி எண் முதலில் ஐந்து இடங்களுக்குக் கிடைத்தது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரி அதில் இருந்தது, நாம் இல்லை. அறிக்கை கேட்பதில் மட்டும் நாம் முன்னணி மாநிலம். தகவல் மேலே போகும் வழி ஒரு விரல் தட்டலில் திறக்கிறது. பொருள் கீழே வரும் வழி திறக்க ஒரு தலைமுறை ஆகும்போலிருக்கிறது.

கோபம் மிகுந்துவிட்டது என்று சொல்வீர்கள். புதிதாக வந்த ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் குழாயைப் பிடித்துத் தொங்குவானேன் என்றும் கேட்பீர்கள். எழுதுகிறேன். 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் டேவிட் பேக்கர் குழுவினர், கணினியில் வடிவமைத்த புரதங்களால் நாக இனத்தின் மூவிரல் நச்சுகளை எலிகளில் முறித்துக் காட்டினார்கள். மே மாதம் ‘செல்’ இதழில் வேறொரு குழுவினர், தன்னைத் தானே பாம்புகளிடம் கடிபட வைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு எதிர்ப்பொருள்களையும் வரெஸ்பிளாடிப் மருந்தையும் சேர்த்து, 19 வகைப் பாம்பு விஷங்களில் 13க்கு எதிராக எலிகளுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது என்றார்கள். இரண்டும் அருமையான வேலை. இரண்டும் நாக இனம் பற்றியவை. நம் வார்டுகளை நிரப்பும் விரியனுக்கு அவற்றில் இன்னும் ஒன்றும் இல்லை. வாய்வழி வரெஸ்பிளாடிப்பை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 95 நோயாளிகளில் சோதித்த பிராவோ ஆய்வு முதன்மை இலக்கை எட்டவில்லை. சீக்கிரம் கொடுத்தவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்ற சாடை மட்டும் கிடைத்தது. காத்திருப்போம்.

ஏ.எஸ்.வி.யே நம் பாம்புக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதும் திறந்த கேள்விதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் மருந்துக்கெல்லாம் விஷம் தரும் முக்கிய ஊற்று. ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது என்பதை இந்திய அறிவியல் நிறுவனத்தின் கார்த்திக் சுனாகர் குழுவினர் தொடர்ந்து காட்டிவருகிறார்கள். தூரத்தில் ராஜஸ்தானோடு ஒப்பிட்டால் நாம் பாக்கியசாலிகள்; ஆனாலும் வடநெம்மேலிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர். இந்தக் கேள்விக்கும் விடை, பத்து வயலுக்குப் பின் உறைந்ததா இல்லையா என்ற வார்டுப் பதிவிலிருந்துதான் தொடங்கும். பார்த்தீர்களா, மறுபடியும் குழாய்க்கே வந்துவிட்டேன்.

கையில் இருக்கும் சான்றையாவது பயன்படுத்துகிறோமா? டி சில்வா குழுவினர் இலங்கையில் 1,007 நோயாளிகளில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு: ஏ.எஸ்.வி.க்கு முன் தோலுக்கடியில் குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை ஒரு மணி நேரத்துக்குள் 43 விழுக்காடு குறைகிறது. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் புரோமெத்தசினுக்கும் அந்தப் பலன் இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தால் அட்ரினலினின் பலனே அழிகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம் கேஸ் ஷீட்டுகளில் முதல் வரியாக வருவது எது? ஹைட்ரோகார்ட்டும் ஏவிலும். இதற்கு எந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது. பேனா நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். குழாய் வந்துவிட்டால் எல்லாம் தெரியும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையில் படுத்திருந்து, விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்து, கண் சொருகுகிறவருக்குக் கட்டுவிரியன் கடித்திருந்தால் ரத்தம் அழகாக உறையும். உறைந்தது என்ற நிம்மதியில் அவரைப் பொது வார்டில் போட்டால் அடுத்து வேண்டியது வென்டிலேட்டர். அங்கே இமையைப் பாருங்கள், கழுத்தைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் எத்தனை எண்ணுகிறார் என்று கேளுங்கள். ரெஃபர் செய்வதானால் முதல் பத்து வயலைத் தொடங்கிவிட்டு அனுப்புங்கள். திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே இருக்கும் கிராமத்திலிருந்து அது அவ்வளவு பக்கமில்லை.

அரசிடம் இந்த இதழ் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறிவிப்புப் படிவத்தில் இருபது நிமிடச் சோதனையின் முடிவுக்கு ஒரு கட்டம், எந்தக் குழாயில் செய்தது என்பதற்கு ஒரு கட்டம், கடி நேரத்துக்கும் முதல் வயல் நேரத்துக்கும் இரண்டு கட்டம். ஏ.எஸ்.வி. வழங்கும் ஒவ்வொரு மையத்துக்கும் அந்தப் பெட்டியோடு சேர்த்தே கண்ணாடிக் குழாய். குழாய் இல்லாத இடத்திலிருந்து வரும் ரத்தநச்சு எண்ணிக்கையை வெளியிடும்போது அதைத் தனியே காட்டும் நேர்மை.

வாசகர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. ஐப்பசி பிறப்பதற்குள், அடுத்த இன்டென்டில் இப்படி எழுதுங்கள்: "10 மி.மீ. உள்விட்டமுள்ள போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய், புதியது, 100 எண்ணம்." தனியார் மருத்துவமனை நடத்துகிறவர்கள் மதுரையிலோ திருநெல்வேலியிலோ லேப் சாமான் விற்கும் கடையில் வாங்கிவிடலாம், யாருக்கும் மனு போட வேண்டியதில்லை. அரசுப் பணியில் இருப்பவர்கள் இன்டென்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். "இருப்பில் இல்லை" என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயரையும் நிலையத்தின் பெயரையும் மறைத்து அந்தப் பதில்களை எங்களுக்கு அனுப்புங்கள். மார்கழி இதழில் அவை அனைத்தையும், வந்த தேதி வரிசையில், ஒரு வரி கருத்தும் சேர்க்காமல் அச்சிடுகிறோம்.